வானம் பார்த்த பீரங்கி

தம்பிமாரே, ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது காது கேட்காது. பீரங்கிக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் நின்றதற்குக் கிடைத்தது. கேள்வி கேட்கத் தோன்றுகிறவர்கள் என் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்களில் எட்டுப் பேரை ஆகாய விமானங்களைச் சுடும் பிரிவுக்கு அனுப்பப்போகிறார்களாம். அதனால்தான் பென்ஷன் வாங்கி வீட்டில் இருந்தவனைக் கூப்பிட்டு உங்களோடு பேசச் சொல்லியிருக்கிறார்கள். பீரங்கியை எப்படித் துடைப்பது, குண்டுப் பெட்டியை எப்படி அடுக்குவது, யாருக்கு எப்படிச் சலாம் வைப்பது என்பதையெல்லாம் அங்கே போனதும் சொல்லித் தருவார்கள். மனப்பாடம் ஆகும்வரை விடமாட்டார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. மேலே பார்ப்பதற்கென்று வைக்கப்பட்ட நாங்கள், ஒரு காலைப்பொழுதில் தரையில் சண்டை போட வேண்டி வந்தது. அதில் நான் செய்த தப்பு உண்டு. சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கே தெரியாத காரியமும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் இந்தப் பாளையங்கோட்டைக்காரன்தான். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் பட்டாளத்தில் என் கையில் டெலிபோனைக் கொடுத்தார்கள். போன மகாயுத்தத்தின்போது எங்களை அனுப்பிய மெசபொடேமியாவில், அதாவது இராக்கில், டைகிரிஸ் என்று ஓர் ஆறு. நம் தாமிரபரணியைப் பல மடங்கு அகலமாக்கி, மலையையும் மருத மரங்களையும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அதில் படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பி ஒரு பாலம் போட்டிருந்தார்கள். முன்னணிக்குப் போகும் தானியமும் மருந்தும், அங்கிருந்து திரும்பி வரும் காயம்பட்டவர்களும் அந்த ஒரு பாலத்தின் வழியாகத்தான் போய்வர வேண்டும். துருக்கியர் விமானம் வந்து அதை உடைத்துவிடாமல் காக்க, கரையில் ஒரு மண்மேட்டின்மேல் ஒரே ஒரு பீரங்கி. அதைச் சுற்றி வட்டமாக மணல்மூட்டைச் சுவர், நெஞ்சு உயரத்துக்கு.

பீரங்கியைக் குறிபார்ப்பதும் சுடுவதும் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். ஒரு லெப்டினன்ட் துரை, அவருக்குக் கீழே இரண்டு சிப்பாய்கள். வானத்தைப் பார்க்க, குண்டு எடுத்துக் கொடுக்க, டெலிபோன் பேச, சமைக்க என்று எங்கள் சென்னைப் படையிலிருந்து பதினான்கு பேரை இரவல் கொடுத்திருந்தார்கள். அவர்களை நடத்துகிற நாயக் நான். பீரங்கியைக் குறிபார்க்கும் கண்ணாடியான குறிக்குழாயில் எங்களில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது கட்டளை.

அந்தப் பதினான்கு பேரில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் சவரியான், உவரிக்காரன். கடலில் வளர்ந்த கண். வானம் பார்ப்பது அவன் வேலை. இன்னொருவன் சுப்பையா, ஆழ்வார்குறிச்சி. ஏர் பிடித்த கை. குண்டு சுமப்பது அவன் வேலை. இரண்டு பேரும் என்னைவிட இளையவர்கள். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

லெப்டினன்ட் துரை என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அவரிடம் கற்றதுதான். ஆனால் அவர் என்றைக்கும் பாடம் நடத்தியதில்லை. கேள்விதான் கேட்பார்.

முதல் கேள்வியை என்னிடம் கேட்டது ஒரு கேவலமான சம்பவத்தின்போது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். சவரியான் தண்ணீர் குடிக்கப் போனான். அவன் இடத்தில் நான் நின்றேன். தெற்கே, மிக உயரத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் வட்டமடித்தன. வெயில் பட்டு மின்னின. "மூன்று விமானம், தெற்கே!" என்று கத்தினேன். பீரங்கி முழங்கத் தொடங்கிவிட்டது. பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். கோவேறு கழுதைகள் மிரண்டு, கோதுமை வண்டி ஒன்று ஆற்றில் சரிந்தது. ஆறு குண்டு போன பிறகு சவரியான் ஓடிவந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அது கூழைக்கடால்லா!"

கூழைக்கடா! நம் பக்கத்துக் குளங்களில் வருஷா வருஷம் வந்து இறங்குகிற பறவை. சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது. அது என் கண்ணுக்கு விமானமாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார்கள். துரை என்னை அருகில் அழைத்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"நீ என்ன பார்த்தாய்?" என்றார்.

"விமானம் என்று நினைத்தேன், சார்."

"நினைத்தது கிடக்கட்டும். பார்த்தது என்ன?"

யோசித்துச் சொன்னேன். "வெள்ளையாக மூன்று. உயரத்தில். வட்டமடித்தன. சத்தம் இல்லை."

"அதை அப்படியே சொல்லியிருந்தால் நான் ஒரு குண்டுகூடச் சுட்டிருக்கமாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். அது என்ன என்று முடிவு செய்வது அடுத்த வேலை. அவசரத்தில் இந்த இரண்டும் ஒட்டிக்கொள்ளும் தம்பிமாரே. பிரித்து வைக்கப் பழகுங்கள்.

துரைக்குச் சவரியானிடம் ஒரு விளையாட்டு உண்டு. தூரத்தில் போகும் வண்டியையோ ஒட்டகத்தையோ காட்டி, எவ்வளவு தூரம் என்று கேட்பார். நான் இடையில் நின்று மொழி மாற்றுவேன். சவரியான் தன் ஊர்க் கணக்கில்தான் சொல்வான். "நம்ம கோயில்ல இருந்து கரைக்கு ரெண்டு மடங்கு." துரை தூரம் அளக்கும் கருவியில் பார்த்துக் கஜத்தில் எழுதிக்கொள்வார். பத்துப் பதினைந்து நாளில் அவன் கணக்குக்கும் கஜத்துக்கும் ஓர் அட்டவணையே போட்டுவிட்டார். வெயில் ஏறினால் அந்த ஊரில் தரை முழுக்கக் கானல் ஓடும். கருவிக்குள் எல்லாம் நடுங்கும். சவரியான் கண் மட்டும் நடுங்காது. "கடல்லயும் இப்படித்தான் ஆவி ஆடும் அண்ணாச்சி. அடியப் பாக்கக்கூடாது, தலையப் பாக்கணும்" என்பான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மேட்டுக்கு மேற்கே தண்ணீர் இல்லாத பழைய வாய்க்கால் ஒன்று இருந்தது. வளைந்து வளைந்து வந்து, எங்களுக்கு இருநூறு கஜம் பக்கத்தில் திரும்பி ஆற்றை நோக்கிப் போகும். நான் அந்த மேட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாளும் அதற்குள் இறங்கிப் பார்த்ததில்லை. சுப்பையா பார்த்திருக்கிறான். வாய்க்காலைக் கண்டால் இறங்காமல் இருக்க அவனால் முடியாது. ஒரு மத்தியானம் என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அந்த வாய்க்காலப் பாத்தீங்களா? கரை ரெண்டும் ஆள் உயரத்துக்கு மேல இருக்கு. அங்கன கடைசியில இருந்து இங்கன வரைக்கும் ஒருத்தன் குனியாம நடந்து வந்துரலாம். மேட்டுல நிக்கிற நமக்கு அவன் தலைகூடத் தெரியாது."

"அதுக்கு என்ன இப்போ?"

"உள்ள காலடி கிடக்கு. புதுசு. செருப்புக் காலு இல்ல, பூட்ஸ் காலு."

நான் டெலிபோன் கம்பியை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சல். "ஏலே, தரையப் பாக்க அங்கன ஒரு காலாட்படைக் கம்பெனியே உக்காந்திருக்கு. நம்மள மேல பாக்கத்தான் வச்சிருக்கு. அந்தக் கம்பெனிக்காரன் எவனாவது நடந்திருப்பான். போயி உன் பெட்டியப் பாருல."

"சரி அண்ணாச்சி" என்று போய்விட்டான். மறுபடி சொல்லவில்லை. நான் துரையிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றும் இல்லை. சொல்லத் தோன்றவே இல்லை. எங்கள் வேலை மேலே என்று என் மனதில் அப்படி ஒரு சுவர் எழுந்துவிட்டிருந்தது.

மூன்று நாள் கழித்து அந்தக் கம்பெனியை முன்னணிக்கு அழைத்துக்கொண்டார்கள். மறுநாள் மாற்று ஆட்கள் வருவார்கள் என்று தகவல். பாலத்தின் மறுகரையில் கொஞ்சம் பேர் உண்டு. இந்தக் கரையில் நாங்கள் மட்டும்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஒருவரும் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

மறுநாள் விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வடக்கிலிருந்து ஒரு விமானம் வந்தது. இது கூழைக்கடா இல்லை, சத்தம் நன்றாகக் கேட்டது. பாலத்தில் காயம்பட்டவர்களின் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நாங்கள் சுட்டோம். அது விலகிப் போகும், மறுபடி வரும், குண்டு போடாமல் போகும். எங்களுக்குப் போக்குக் காட்டுகிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. பதினேழு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

சுப்பையா மட்டும் குண்டை எடுக்கக் குனிந்தவன், நிமிரும்போது மேற்கே பார்த்திருக்கிறான். "வாய்க்கால்ல இருந்து கௌதாரி கூட்டமா எந்திரிச்சுப் பறக்கு!" என்று கத்தினான். பார்த்ததை மட்டும் சொன்னான்.

துரை திரும்பினார். அடுத்த நொடி வாய்க்கால் கரையிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. குறிக்குழாயில் கண் வைத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் சத்தமே இல்லாமல் சரிந்தார். அவர் பிழைக்கவில்லை. துரைக்குத் தொடையில் குண்டு. சுவருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் துப்பாக்கிகள் எங்கே என்று கேட்பீர்கள். அதுதான் வெட்கம். பீரங்கி வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று, எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, இருபது கஜம் தள்ளி ஒரு கூடாரத்தில் அடுக்கி வைத்திருந்தோம். அடுக்கி வைக்கச் சொன்னவனும் நான்தான்.

சுப்பையாவும் இன்னொருவனும் மண்ணோடு மண்ணாக ஊர்ந்து போனார்கள். இரண்டு தடவை போய் எட்டுத் துப்பாக்கிகளை இழுத்து வந்தார்கள். இரண்டாம் தடவை திரும்பும்போது சுப்பையாவின் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு, "அண்ணாச்சி, இத யாராவது பிடிங்க" என்று துப்பாக்கிகளை நீட்டினான்.

துரை என்னைப் பார்த்தார். "பீரங்கியைக் கீழே இறக்கு."

இறக்க முடியாது. வானத்தைச் சுடவென்று கட்டிய மேடை அது. குழாயைத் தாழ்த்தினால் மணல்மூட்டைச் சுவரில் போய் இடிக்கும். மேற்குச் சுவரைச் சரித்தால்தான் குழாய் தரையைப் பார்க்கும். அந்தச் சுவர்தான் எங்களை மறைத்திருந்தது. சரித்தால் பீரங்கியும் திறந்துகிடக்கும், நாங்களும் திறந்துகிடப்போம்.

"சுவரைத் தள்ளுங்கள்" என்றார் துரை.

நான் தமிழில் சொன்னேன். ஒரு நொடி யாரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சவரியான் போய் முதுகைச் சுவரில் வைத்தான். "தள்ளுங்கவே! சுவத்தக் கெட்டிப்பிடிச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் இருப்பீரு?" என்றான். ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். மூட்டைகள் மேட்டிலிருந்து உருண்டன.

"குறிபார்க்கத் தெரியுமா?" என்று துரை கேட்டார்.

"தொட்டதில்லை சார். எட்டு மாதமாகப் பார்த்திருக்கிறேன்."

"அது போதும்."

குண்டு எத்தனை நொடியில் வெடிக்க வேண்டும் என்று அதன் மூக்கில் ஒரு வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்குத் தூரம் தெரிய வேண்டும். துரையின் சட்டைப் பையில் சவரியானின் அட்டவணை இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். கை குளிர்ந்திருந்தது. கொடுத்ததும் தலை சாய்ந்தது. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

பெட்டியில் ஒன்பது குண்டு மிச்சம்.

அந்த நேரத்தில்தான் டெலிபோன் மணி அடித்தது. மறுமுனையில் பாலத்துக்குப் பொறுப்பான வேறொரு துரை. "விமானம் திரும்பி வருகிறது. ஏன் சுடவில்லை? சுடு!"

நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம், வருகிறது. தாழ்வாக, நேராக, இந்தத் தடவை பாலத்தை நோக்கி. கீழே பார்த்தேன். வாய்க்கால் வளைவிலிருந்து ஆட்கள் வெளியே ஏறத் தொடங்கியிருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கலாம். நாங்கள் எட்டுத் துப்பாக்கி. பீரங்கியின் குழாய் தரையைப் பார்த்து நின்றது. மறுபடி தூக்கிச் சுட்டுவிட்டு இறக்க ஒன்றரை நிமிஷமாவது ஆகும். அந்த ஒன்றரை நிமிஷம் எங்களிடம் இல்லை. மேட்டை அவர்கள் பிடித்தால் எங்கள் பீரங்கியையே பாலத்தின் பக்கம் திருப்பிவிடுவார்கள். விமானத்தை விட்டால் அது பாலத்தில் குண்டு போடும். படலாம், படாமலும் போகலாம்.

இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அன்றைக்கு வரிசையெல்லாம் இல்லை. எல்லாம் ஒன்றாக வந்தது.

"முடியாது, சார். தரையில் எதிரி. தரையைச் சுடுகிறேன்" என்றேன். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது, நான் டெலிபோனைக் கீழே வைத்துவிட்டேன்.

"சவரியான், எவ்வளவுலே?"

"கோயில்ல இருந்து கரைக்குக் கொஞ்சம் கம்மி. பைய, பைய, அவசரப்படாதிங்க. முன்னால வாரவன விட்டுருங்க. பின்னால கூட்டமா நிக்கான் பாருங்க, அவனப் பாருங்க."

முதல் குண்டு தாண்டிப் போய் வெறும் மண்ணில் வெடித்தது. "கூடிப்போச்சு" என்றான். வளையத்தைக் குறைத்தேன். இரண்டாவது அருகில். மூன்றாவது வாய்க்கால் வளைவுக்கு நேர்மேலே வெடித்தது. ஏறி வந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தரையில் படுத்தார்கள். படுத்தவர்களை எழவிடாமல் எட்டுத் துப்பாக்கிகளும் பார்த்துக்கொண்டன. எட்டு மாதமாகத் துப்பாக்கி தொடாத கைகள் அவை.

என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெரிய சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

ஆறாவது குண்டுக்குப் பிறகு அவர்கள் பின்வாங்கத் தொடங்கினார்கள். அரை மணி நேரத்தில் மறுகரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து சேர்ந்தார்கள். எங்கள் பெட்டியில் மூன்று குண்டு மிச்சம் இருந்தது.

விமானம் போட்ட குண்டு இரண்டு. ஒன்று தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று பாலத்தின் மூன்றாவது படகில். அங்கே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவர் சேலத்துக்காரர். மற்றவரின் ஊர் யாருக்கும் தெரியவில்லை. காயம்பட்டவர்களின் வண்டிகள் தப்பின. அன்று மாலை இரண்டு பேரையும் அடக்கம் செய்தபோது நான் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு கர்னல் வந்து விசாரித்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். நான் செய்தது சரிதானா என்று கேட்டேன். எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, குதிரையில் ஏறிப் போய்விட்டார். அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை. அவருக்கும் தெரியாது. தெரியாததை அவர் தெரிந்த மாதிரி சொல்லவில்லை. நீங்களும் ஒரு நாள் இரண்டு நஷ்டங்களுக்கு நடுவே நிற்பீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு யாராவது வந்து முதுகில் தட்டிச் சரி என்று சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். நான் அந்த இரண்டு பேருக்காக வருத்தப்படுகிறேன். மறுபடி அந்த மேட்டில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். இரண்டும் ஒரே மனதுக்குள் இருக்க முடியும்.

சண்டை முடிந்த அன்றே, வாய்க்காலில் காயத்தோடு கிடந்த ஒரு துருக்கியரைச் சவரியான் தூக்கிவந்திருந்தான். தாடியில் நரை, அமைதியான ஆள். தண்ணீர் கொடுத்தோம். மறுகரையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாக அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "நாலு நாள் வாய்க்காலில் படுத்து உங்களைப் பார்த்தோம். உங்கள் ஆட்கள் ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் ஒரு நாள் இறங்கி வந்து காலடியைப் பார்த்தான். அவன் சொல்லியிருப்பான், எல்லாம் கெட்டது என்று நினைத்தோம். மறுநாளும் எதுவும் மாறவில்லை. சரி, அவன் சொல்லவில்லை போல என்று எண்ணிக்கொண்டோம்."

அவன் சொன்னான். என்னிடம்தான் சொன்னான்.

துரை படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குப் போனேன். வழி முழுக்க ஒரே யோசனை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சுப்பையா வாய் திறக்கமாட்டான். ஆனால் பக்கத்துக் கட்டிலில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அவனைப் பார்த்தவுடன் சொல்லிவிட்டேன். சண்டைக்கு நாலு நாள் முன்பே சுப்பையா காலடியைப் பார்த்துவிட்டுச் சொன்னான், நான் துரத்திவிட்டேன் என்றேன்.

துரை சுப்பையாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல, கேள்வி கேட்டார். "அவன் சொன்னபோது உன் கையில் என்ன வேலை இருந்தது?"

"டெலிபோன் கம்பி, சார்."

"அப்படியானால் கையில் வேலை இல்லாத நேரம் ஒன்றை ஏற்படுத்து."

அவர் பேசியது சுப்பையாவுக்குப் புரியவில்லை. "துரை என்ன சொல்லுதாரு அண்ணாச்சி?" என்று கேட்டான். சொன்னேன். அவன் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "நானும் இன்னொரு தரம் சொல்லிருக்கணும். நீங்க ஏசுனதும் எனக்கும் ரோசம் வந்துட்டு" என்றான். நான் அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். 

அதற்குப் பிறகு எங்கள் மேடு மாறியது. சுவரில் நாலு பக்கமும் சரித்துத் திறக்கிற மாதிரி வாசல் விட்டோம். துப்பாக்கி கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. விமானம் வந்தால் பாதிப் பேர் மேலே பார்ப்பார்கள், பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது அதைப் பார்க்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், தினமும் சூரியன் இறங்குமுன் எல்லாரும் கால் மணி நேரம் உட்காருவோம். கடைசிச் சிப்பாயிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக அன்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். நாயக் கடைசியில்தான் வாயைத் திறக்கலாம். துரை காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்ததும் அவரும் அதில் உட்கார்ந்தார், எனக்கும் பிறகு பேசுகிறவராக. எங்களில் ஆறு பேருக்குக் குறிபார்க்கவும் கற்றுக்கொடுத்தார். கட்டளையில் அதற்கு இடமில்லை. யாரும் வந்து தடுக்கவும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஜனங்களைப் பேச வைப்பது லேசான காரியமில்லை. கடைசியாக ஒன்று சொல்லி நிறுத்துகிறேன்.

எங்கள் சமையல்காரர் கல்லிடைக்குறிச்சிக்காரர். சாமி என்று கூப்பிடுவோம். என்னைவிட மூத்தவர். மாலைக் கூட்டத்தில், "எனக்கு என்னவே தெரியும், நான் அடுப்பப் பாக்கேன்" என்று எழுந்து போய்விடுவார். அடுத்த வருஷம் பங்குனி வாக்கில், ஆற்றோரம் இன்னும் கீழே ஒரு குண்டுக் கிடங்கைக் காக்க எங்களை அனுப்பினார்கள். அங்கே ஒரு நாள் மத்தியானம் சாமி தானாகவே என்னிடம் வந்தார்.

"அந்த நாணல் காட்டுக்குள்ள ஆள் நடமாட்டம் இருக்கு. நாணல் அசையுது. காத்து இல்ல."

துரையிடம் சொன்னேன். எல்லாரையும் நிலையில் நிறுத்தினார். கொதிக்கிற வெயிலில் உச்சியிலிருந்து சாயங்காலம் வரை தரையில் படுத்துக்கிடந்தோம். கடைசியில் நாணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் இரண்டு இடையர்கள். காணாமல்போன ஆட்டைத் தேடி வந்தவர்களாம்.

ஆட்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ரசம் வைக்கிறவரு பேச்சக் கேட்டு வெந்து சாகுதோம்" என்று ஒருவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான். சாமி முகம் சுண்டிப்போய்ப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலைக் கூட்டத்துக்கு அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

"இன்னிக்கு நம்மில் முதல்ல பாத்தவரு சாமிதான்" என்றேன். "நாணல் அசையுது, காத்து இல்லன்னு சொன்னாரு. அது ரெண்டும் நிசம். உள்ள இருந்தது இடையன்னு தெரிய ஆறு மணி நேரம் ஆச்சு. அது அவரு தப்பு இல்ல. நாளைக்கும் இப்படி ஏதாவது கண்ணுல பட்டா வந்து சொல்லணும் சாமி."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், இனி வாயைத் திறக்கமாட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆற்றில் குளித்து ஈர வேட்டியோடு நேரே என்னிடம் வந்தார். "ஏசக்கூடாது. கரையில நேத்து ஒரு குச்சி நட்டு வச்சேன், குளிக்க எறங்க அடையாளத்துக்கு. இன்னைக்கு அதக் காணோம். தண்ணி கலங்கியிருக்கு, குளுந்து கிடக்கு. எனக்கு என்னமோ ஆறு ஏறுதுன்னு தோணுது. நான் பொறந்ததுல இருந்து ஆத்துலதான்வே குளிக்கேன்."

வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு மேகம் கிடையாது. வடக்கே எங்கேயோ மலையில் பனி உருகினால் இங்கே வெயிலிலும் வெள்ளம் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. துரை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நேற்று வெயிலில் வெந்தவர்களை இன்று பெட்டி தூக்கச் சொல்ல வேண்டும். சொன்னோம். முனகிக்கொண்டே தூக்கினார்கள். நானும் தூக்கினேன், துரையும் நொண்டிக்கொண்டு தூக்கினார். பொழுது சாயும்வரை ஒவ்வொரு பெட்டியாகப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றினோம்.

அடுத்த நாள் விடியும்போது, கிடங்கு இருந்த இடத்தில் இடுப்பளவுக்குச் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. மேட்டில் குண்டுப் பெட்டிகள் எல்லாம் காய்ந்து உட்கார்ந்திருந்தன. முந்தாநாள் ரசத்தைப் பற்றிப் பேசியவன் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான். அவர் அவன் தலையில் ஒரு குட்டு வைத்து இறங்கி, நேரே என்னிடம் வந்தார்.

"குண்ட எல்லாம் பத்திரமா ஏத்திட்டீரு, சந்தோசம். என் விறக யாருவே ஏத்துவா? அம்புட்டும் கடலுக்குப் போயிட்டு. இன்னைக்கு எல்லாரும் குண்டத் தின்னுங்க."

அன்று மத்தியானம் வரை யாருக்கும் சோறு இல்லை. மாலைக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து நின்றவர் சாமிதான்.